வெங்காயத்தில் பச்சை எங்கே இருந்து வந்தது?



இந்த மாதச் சுவர் இதழில் எனக்கு ஒரு முழு சார்ட் கொடுத்திருக்கிறார்கள். நுண்ணோக்கி (நாம எல்லாரும் மைக்ராஸ்கோப்னு சொல்றது) எப்படி வேலை செய்கிறது, செல்லை யார் யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதச் சொன்னவர் எங்கள் அறிவியல் டீச்சர். "புத்தகத்தைப் பாத்து அப்படியே எழுதிடாதேம்மா" என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான்

போன மாதம் எங்களுக்கு வெங்காயத் தோல் செய்முறை வகுப்பு நடந்தது. வகுப்பில் நாங்கள் 42 பேர். நுண்ணோக்கி ஒன்று. ஜன்னல் ஓரம் மேஜை போட்டு அதை வைத்திருந்தார்கள். வரிசை வராண்டா வரை நின்றது. என் முறை வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தேன். முதலில் என் கண் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம் வெள்ளையாக ஒரு வெளிச்சம். அதற்குள் பின்னால் இருந்து "சீக்கிரம்டி, மணி அடிக்கப் போவுது" என்று தள்ளினார்கள். டீச்சர் "தெரியுதாம்மா?" என்று கேட்டார்கள். நானும் "நல்லா தெரியுது டீச்சர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தில் இருந்த 'தாவர செல்' படத்தைப் பார்த்து வரைந்தேன். ஸ்கெட்ச் பேனாவில் கலர் அடித்தேன். நடுவில் உட்கரு, பெரிய நுண்குமிழ், சுற்றிலும் பச்சைப் பச்சையாக ஆறு பசுங்கணிகம். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பாகம் குறித்து, மேலே 'வெங்காயத் தோல் செல்' என்று தலைப்பும் போட்டேன். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது.

மறுநாள் காலையில் என் பெஞ்சுத் தோழி நோட்டைத் திறந்தாள். பென்சிலில் மூன்று வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் ஓரமும் கறுப்பாகத் தடித்து இருந்தது. கீழே 'எனக்கு இதுதான் தெரிந்தது' என்று எழுதியிருந்தாள். "என்னடி இது, இட்லியா?" என்று கேட்டுச் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

அறிவியல் பீரியடில் டீச்சர் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார்கள். பாராட்டப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"படம் நல்லா இருக்கும்மா. ஒரே ஒரு கேள்வி. உரிச்ச வெங்காயத்துல பச்சை எங்க இருந்துச்சு?"

எனக்கு வாயே திறக்கவில்லை. பசுங்கணிகம் என்பது வெயிலில் நின்று உணவு தயாரிக்கும் பச்சை இலையில் இருப்பது. நாங்கள் உரித்துப் பார்த்தது மண்ணுக்குள் இருக்கும் வெங்காயம். அதன் உள்தோலில் பச்சை கிடையாது. புத்தகத்தில் இருப்பது தாவர செல்லில் என்னென்ன இருக்கலாம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் பொதுப் படம்.

"அப்ப நீ வெங்காயத்தைப் பாக்கல. புத்தகத்தைப் பாத்திருக்க" என்றார்கள். மற்ற நோட்டுகளிலும் கிட்டத்தட்ட அதே படம்தான். கடைசியில் என் தோழியின் நோட்டை எடுத்தார்கள். "இது செல் இல்ல, காத்துக் குமிழி. ஆனா இந்த வகுப்புல பாத்ததை வரைஞ்சது இவ ஒருத்திதான்." என் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் 'பார்த்ததை வரை' என்று எழுதினார்கள். மார்க் போடவில்லை.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன். "டீச்சர், இன்னொரு தடவை பாக்கணும்." டீச்சர் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அவளையும் கூட்டிட்டு வா" என்றார்கள்.

சரி, இனி பாடத்துக்கு வருவோம்.

நுண்ணோக்கி எப்படிப் பெரிதாக்குகிறது?

ஒரு பொருளைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவருவோம். ஆனால் சுமார் 25 சென்டிமீட்டருக்கும் அருகே கொண்டுவந்தால் நம் கண்ணுக்கு மங்கலாகிவிடும். உங்கள் விரலை மூக்குக்கு நேரே கொண்டுவந்து பாருங்கள், புரியும். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும் குவிலென்ஸ், ஒளிக்கதிர்களை வளைத்து நம் கண்ணுக்கு உதவி செய்கிறது. அதனால் பொருளை ரொம்பப் பக்கத்தில் வைத்தும் தெளிவாகப் பார்க்க முடிகிறது. லென்ஸின் வளைவு அதிகமானால் பெரிதாகக் காட்டுவதும் அதிகமாகும்.

நம் பள்ளியில் இருப்பது கூட்டு நுண்ணோக்கி. கூட்டு என்றால் லென்ஸ்கள் கூட்டாக வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

1. அடியில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அது ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பி, ஸ்லைடு வழியாக அனுப்புகிறது. (வெயிலை நேராகப் பிடித்துத் திருப்பக் கூடாது. கண்ணுக்கு ஆபத்து.)

2. ஸ்லைடுக்கு மேலே பொருளருகு லென்ஸ். அது குழாய்க்குள்ளே பொருளின் பெரிய பிம்பம் ஒன்றை உண்டாக்குகிறது. அந்தப் பிம்பம் தலைகீழாக இருக்கும்.

3. மேலே கண்ணருகு லென்ஸ். பூதக்கண்ணாடியால் புத்தகத்தைப் பார்ப்பது போல, அந்தப் பிம்பத்தை இது இன்னும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

மொத்தம் எத்தனை மடங்கு என்று தெரிய இரண்டையும் பெருக்க வேண்டும். கூட்டக் கூடாது! நம் நுண்ணோக்கியில் மேலே 10, கீழே 10 என்றால் 100 மடங்கு. கீழே 45 லென்ஸைத் திருப்பினால் 450 மடங்கு.

டீச்சர் எங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டினார்கள். பேப்பரில் வரி விளம்பரத்தில் இருக்கும் பொடி எழுத்து 'ட' ஒன்றை வெட்டி ஸ்லைடில் வைத்தார்கள். உள்ளே பார்த்தால் மேல் கீழாகவும் இடம் வலமாகவும் மாறித் தெரிந்தது! ஸ்லைடை வலது பக்கம் நகர்த்தினால் எழுத்து இடது பக்கம் ஓடுகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். தோல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தபோது நான் தப்பான பக்கம் தள்ளியிருப்பேன்.

குமிழியும் செல்லும்

வெங்காயத்தின் ஒரு மடலை ஒடித்தால் உள்பக்கத்தில் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய தோல் வரும். அதை ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் சுருங்காமல் விரித்து, ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம் விட்டு, மேலே கவர் ஸ்லிப் வைக்க வேண்டும். அதை 'டப்'பென்று வைத்தால் காற்று மாட்டிக்கொள்ளும். ஒரு ஓரத்தை முதலில் தண்ணீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கிக்கொண்டே மெதுவாகச் சாய்க்க வேண்டும்.

காற்று மாட்டிக்கொண்டால் என் தோழி பார்த்த வட்டங்கள் வரும். தண்ணீரில் வரும் ஒளி குமிழியின் ஓரத்தில் பட்டதும் பலமாக வளைந்து வேறு திசையில் போய்விடுகிறது. அந்த ஒளி லென்ஸுக்கு வருவதில்லை. அதனால்தான் குமிழியின் ஓரம் கறுப்பாகத் தடித்துத் தெரிகிறது. அவள் அந்தத் தடிமன்கூட விடாமல் வரைந்திருந்தாள். அதனால்தான் டீச்சரால் பார்த்தவுடன் குமிழி என்று சொல்ல முடிந்தது.

இரண்டாவது தடவை நான் அவசரப்படவில்லை. முதலில் 10 லென்ஸ். பெரிய திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். மங்கலாக இளஞ்சிவப்பு. அப்புறம் சின்னத் திருகைத் தொட்டேன். சட்டென்று கோடு கோடாக வந்துவிட்டது! செங்கல் சுவர் மாதிரி, நீள நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அறைகள். சில அறைகளில் ஓரமாக ஒரு சிவப்புப் பொட்டு. அதுதான் உட்கரு. புத்தகப் படத்தில் உட்கரு நடுவில் இருந்தது. எனக்குச் சுவரோரம் ஒதுங்கித்தான் தெரிந்தது. ஒரு மூலையில் தோல் மடிந்து கறுப்பாக இருந்தது. பச்சை எங்கேயுமே இல்லை.

"டீச்சர், இதை எல்லாம் முதல்ல பாத்தவங்க யாரு? அவங்களுக்குப் பாத்து வரைய புத்தகமே இருந்திருக்காதே?" என்று கேட்டேன். அதற்குப் பதிலாக டீச்சர் சொன்னதும், கொடுத்த பழைய புத்தகத்தில் படித்ததும்தான் இனி வருவது.

எண்ணிப் பார்த்த ஹூக்

இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி 1665-ல் 'மைக்ரோகிராஃபியா' என்ற படப் புத்தகத்தை வெளியிட்டார். தெள்ளுப்பூச்சி, ஈயின் கண், ஊசி முனை என்று நுண்ணோக்கியில் பார்த்ததையெல்லாம் அதில் வரைந்திருந்தார். அதில் தக்கையும் ஒன்று. பாட்டில் மூடியாக வைக்கும் தக்கை ஒரு மரத்தின் பட்டை. அது ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது, ஏன் தண்ணீரில் மிதக்கிறது, அழுத்தினால் ஏன் அமுங்குகிறது என்பது அவருடைய கேள்வி. கூர்மையான கத்தியால் மிக மெல்லிய சீவல் சீவி, கறுப்புத் தட்டில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு போல வெற்று அறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் 'செல்' என்று பெயர் வைத்தார். செல் என்றால் சிறிய அறை. (நம்ம கையில் இருக்கும் செல்போனுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தம்பிகள் கேட்க வேண்டாம். அது வேறு கதை.)

அவர் 'நிறைய இருந்தது' என்று எழுதவில்லை. எண்ணினார். ஒரு அங்குலத்தில் 18-ல் ஒரு பங்கு நீளத்துக்குள் சுமார் 60 அறைகள். அப்படியானால் ஒரு அங்குலத்துக்கு 60 × 18 = 1,080. ஒரு சதுர அங்குலத்துக்கு 1,080 × 1,080 = 11,66,400. ஒரு கன அங்குலத்துக்கு 125 கோடிக்கும் மேல்! நானும் பெருக்கிப் பார்த்தேன். 125,97,12,000 வருகிறது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் கோட்டில் சுமார் 42 அறைகள். எங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? ஆளுக்கு ஒரு அறை கொடுத்தால் வகுப்பே ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டருக்குள் உட்கார்ந்துவிடலாம்!

ஆனால் ஹூக் தக்கையில் பார்த்தது செத்துப்போன செல்களின் சுவரை மட்டும்தான். தக்கையில் உட்கரு தெரியாது. தெரியாததை அவர் வரையவும் இல்லை.

மிளகுத் தண்ணீரில் உயிர்

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஆண்டனி வான் லூவன்ஹூக் என்று ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். கல்லூரியில் படித்தவர் இல்லை. அந்தக் காலத்துப் படித்தவர்கள் எழுதிய லத்தீன் மொழியும் தெரியாது. அவருடைய நுண்ணோக்கியில் லென்ஸ் ஒன்றே ஒன்று. அதுவும் மணி போலச் சின்னது. இரண்டு உலோகத் தகட்டுக்கு நடுவில் அதைப் பதித்து, ஒரு ஊசி முனையில் பொருளை வைத்து, கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது ஒன்று 270 மடங்கு வரை பெரிதாக்குகிறது. லென்ஸ் தேய்க்கும் வேலையை அவரே செய்தார்.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன! 1676-ல் லண்டனில் இருந்த ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சபைக்கு இதைத் தன் தாய்மொழியிலேயே கடிதமாக எழுதினார். அங்கே பலருக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கோபித்துக்கொள்ளாமல், தன் ஊரில் மரியாதைக்குரிய சிலரை அழைத்துக் காட்டி, அவர்கள் பார்த்ததாக எழுதி வாங்கி அனுப்பினார். 1677-ல் ஹூக்கே சபையில் அதைச் செய்துகாட்டி, லூவன்ஹூக் சொன்னது உண்மை என்று எல்லோரையும் பார்க்கவைத்தார்.

படம் வரையத் தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. லூவன்ஹூக்குக்கும் நன்றாக வரைய வராது! பக்கத்தில் ஓவியரை உட்காரவைத்து வரையச் சொன்னார். படம் அழகாக இருப்பது வேறு, பார்த்தது வேறு என்று இதிலிருந்து எனக்குப் புரிந்தது.

ஏன் இவ்வளவு காலம் ஆனது?

ஹூக் செல்லைப் பார்த்தது 1665-ல். செல் கொள்கை வந்தது 1838, 1839-ல். நடுவில் 170 வருஷத்துக்கும் மேல்! ஏன்?

அந்தக் காலத்துக் கூட்டு நுண்ணோக்கியில் ஒரு குறை இருந்தது. வெள்ளை ஒளியில் ஏழு நிறம் இருக்கிறது என்று படித்திருக்கிறோம். லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலத்தைக் கொஞ்சம் அதிகமாக, சிவப்பைக் கொஞ்சம் குறைவாக வளைக்கும். அதனால் பொருளைச் சுற்றி வானவில் மாதிரி நிறக் கரை விழுந்து, ஓரமெல்லாம் மங்கிவிடும். இல்லாததும் இருப்பது போலத் தெரியும். இரண்டு விதக் கண்ணாடியில் செய்த லென்ஸ்களைச் சேர்த்தால் இந்தக் குறை குறையும். லண்டனில் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற ஒயின் வியாபாரி, பல லென்ஸ்களை எந்த இடைவெளியில் வைத்தால் படம் தெளிவாகும் என்று 1830-ல் எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகு நல்ல நுண்ணோக்கிகள் வந்தன.

அதே சமயத்தில் 1831-ல் ராபர்ட் பிரௌன், ஆர்க்கிட் செடியின் செல்களில் ஒரு உருண்டைப் பொட்டு இருப்பதைக் கவனித்து, உட்கரு என்று சொன்னார். நான் சுவரோரம் பார்த்த அதே பொட்டு!

இரண்டு நண்பர்களும் ஒரு தவறும்

ஜெர்மனியில் ஷ்லீடன் செடிகளை ஆராய்ந்தவர். ஷ்வான் விலங்குகளை ஆராய்ந்தவர். 1837-ல் பெர்லினில் இருவரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தாவர செல்லின் உட்கருவைப் பற்றி ஷ்லீடன் பேசினார். "இதே மாதிரி ஒன்றை நான் விலங்கிலும் பார்த்திருக்கிறேனே" என்று ஷ்வானுக்குத் தோன்றியது. 1838-ல் ஷ்லீடன், எல்லாத் தாவரங்களும் செல்களால் ஆனவை என்று எழுதினார். 1839-ல் ஷ்வான், விலங்குகளும் அப்படித்தான் என்று எழுதினார். புளியமரமும் நம்ம ஊர் ஆடும் நானும் ஒரே மாதிரி சின்ன அறைகளால் கட்டப்பட்டிருக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் இந்த இரண்டு பெரிய அறிஞர்களும் ஒரு தவறு செய்தார்கள். புதிய செல் எப்படி வருகிறது என்ற கேள்விக்கு, உப்புத் தண்ணீரில் படிகம் விளைவது போல ஒரு கூழான திரவத்திலிருந்து புதிதாக விளைகிறது என்றார்கள். அப்படி விளைவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு என் பச்சைப் பசுங்கணிகம் ஞாபகம் வந்தது. அவர்கள் என்னைப் போல ஏமாற்றவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் மனதில் முதலிலேயே ஒரு படம் இருந்துவிட்டால் கண் அதையே தேடும் போலிருக்கிறது.

பரீட்சையில் எழுதாத பெயர்

செல் கொள்கை என்றால் ஷ்லீடன், ஷ்வான், விர்ச்சோ என்று மூன்று பெயரை எழுதுவோம். ராபர்ட் ரெமாக் என்ற பெயரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரெமாக் யூதர். அந்தக் காலத்துப் பிரஷ்யாவில் யூதர் முழுப் பேராசிரியர் ஆவது மிகக் கடினம். திறமை இருந்தும் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அவர் கோழிக்குஞ்சு முட்டைக்குள் வளரும்போது அதன் ரத்தச் செல்களைப் பொறுமையாகப் பார்த்தார். ஒரு செல் நடுவில் ஒடுங்கி இரண்டாகப் பிரிவதைப் பார்த்து 1841-லேயே எழுதினார். அப்புறம் பல வருஷம் தவளைக் கரு முதலியவற்றையும் ஆராய்ந்து, செல்கள் திரவத்திலிருந்து விளைவதில்லை, பழைய செல் பிரிந்துதான் புதிய செல் வருகிறது என்று 1852-ல் உறுதியாக எழுதினார்.

1855-ல் புகழ்பெற்ற மருத்துவரான ருடால்ஃப் விர்ச்சோ அதே கருத்தை எழுதினார். ரெமாக்கின் பெயரை அங்கே சொல்லவில்லை. ரெமாக் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். உலகம் விர்ச்சோவின் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது. விர்ச்சோவும் சாதாரணமானவர் இல்லை. நோய் என்பது செல்லில் ஏற்படும் மாற்றம் என்று 1858-ல் புத்தகம் எழுதி, மருத்துவத்தையே மாற்றியவர். இன்றைக்கும் டாக்டர்கள் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்களே, அதற்கு வழி போட்டவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பெயரில் எழுதினால் பார்த்தவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே செல் கொள்கை இதுதான். (ஒன்பதாம் வகுப்பு, கவனிக்கவும். பரீட்சைக்கு வரும்!)

1. எல்லா உயிர்களும் ஒரு செல்லாலோ பல செல்களாலோ ஆனவை.
2. உயிரின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படை அலகு செல்.
3. எல்லாச் செல்களும் ஏற்கெனவே இருக்கும் செல்லிலிருந்தே தோன்றுகின்றன.

உங்களுக்குத் தெரியுமா?

* ஒளியால் பார்க்கும் நுண்ணோக்கிக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5,000-ல் ஒரு பங்கைவிட நெருங்கி இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். இந்த எல்லை இருப்பதை 1873-ல் எர்ன்ஸ்ட் அபே விளக்கினார்.

* ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியை 1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் செய்தார்கள். ரஸ்காவுக்கு 1986-ல்தான் நோபல் பரிசு கிடைத்தது. 55 வருஷம் கழித்து!

* இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷ் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு சேர்ந்து, அட்டையை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியை உருவாக்கி 2014-ல் அறிவித்தார். அதிலும் லூவன்ஹூக் மாதிரி ஒரே ஒரு குட்டி லென்ஸ்தான்.

செய்து பாருங்கள்

ஊதுபத்தி பாக்கெட்டைச் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதைப் பேப்பரின் எழுத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடியுங்கள். எழுத்து பெரிதாகும். சொட்டு மேலே வளைந்து குவிலென்ஸ் ஆகிவிட்டது. சின்னச் சொட்டு, பெரிய சொட்டு இரண்டையும் விட்டு எதில் அதிகம் பெரிதாகிறது என்று நீங்களே பார்த்து எழுதுங்கள். விடையை நான் சொல்ல மாட்டேன்!

கடைசியாக

இந்தச் சார்ட்டின் கீழே மூன்று படங்கள் ஒட்டியிருக்கின்றன. முதல் படம், ஸ்கெட்ச் பேனாவில் நான் வரைந்த பொய்ப் படம். சிவப்பு மையோடு அப்படியே ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது படம், என் தோழி வரைந்த காற்றுக் குமிழி. மூன்றாவது படம், இரண்டாவது தடவை பார்த்து நான் பென்சிலில் வரைந்தது. அதில் கோடு கோணலாக இருக்கும். ஒரு மூலை கறுப்பாக இருக்கும், அது மடிந்த தோல். ஐந்து அறையில் உட்கரு போடவில்லை. எனக்குத் தெரியவில்லை, அதனால் போடவில்லை. டீச்சர் இதற்கு 5-க்கு 4 போட்டார்கள். 'பாகம் குறிக்கவில்லை' என்று ஒரு மார்க் போய்விட்டது!

என் தோழியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்றாள். ஆனால் எல்லார் முன்னாலும் 'இட்லி' என்று சிரித்த நான், மன்னிப்பையும் எல்லார் முன்னாலும்தானே கேட்க வேண்டும்? அதனால் இங்கேயும் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு. குமிழிப் படத்தை ஒட்டலாமா என்று கேட்டபோது, "என் பேரைப் போடாதே, ஆனா படத்தைக் கண்டிப்பா ஒட்டு" என்று சொன்னாள். அவள் பார்த்து வரைந்தது என்பதை நான் எழுதாமல் விட்டால் ரெமாக்குக்கு நடந்தது போல ஆகிவிடும். எனவே பெயர் இல்லாவிட்டாலும், அந்தப் படம் என்னுடையது இல்லை, என் பெஞ்சுத் தோழியுடையது என்பதை எல்லோருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் நுண்ணோக்கியை ஜன்னல் ஓரம் வைக்க டீச்சர் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு பேர் மட்டும். யாரும் பின்னால் இருந்து தள்ளக் கூடாது. வெங்காயத்தை நாங்கள் கொண்டுவருகிறோம். நீங்கள் பென்சிலும் வெள்ளைத்தாளும் கொண்டுவாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் 'ஒன்றும் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். யாரும் சிரிக்க மாட்டோம்.

எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர்கள் பென்சிலால் திருத்தவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி